எவரெஸ்ட் படம் எடுக்கப் போகிறீர்களா?

கேள்வி: அக்டோபரில் எவரெஸ்டைப் படமெடுக்க நேபாளம் போகிறேன். விமானம் ரத்தாகும், கேமரா படுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். எப்படித் தயாராவது?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் சிகரம் தெரியாது. முன்னால் இருக்கும் மலைத்தோள் மறைத்துவிடும். கோரக்‌ஷெப்பிலிருந்து (5,164 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர்) காலாபத்தர் குன்றில் ஏற வேண்டும், அதுவும் மாலையில். காலைச் சூரியன் சிகரத்துக்குப் பின்னால் எழுவதால் படம் கறுத்துப்போகும். மாலை வெயில்தான் சிகரத்தின் முகத்தில் பொன்னாக விழும். அந்த அழகுக்காக எவ்வளவு மூச்சு வாங்கினாலும் தகும். இறங்கும்போது இருட்டிவிடும், ஹெட்லேம்ப் கட்டாயம்.

மேகம் மூடினால் மலைநடை தொடங்கும் லுக்லா ஊருக்கான விமானம் பறக்காது. காலை முதல் விமானத்தில் பதியுங்கள். திரும்பும்போது இரண்டு, மூன்று நாள் கையிருப்பாக இருக்கட்டும்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். பகலில் சட்டையின் உள்பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். சூடான அறைக்குள் நுழையுமுன் வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அறைச் சூட்டுக்கு வருமுன் திறந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

உயரத்துக்கு உடல் பழக, வழியிலுள்ள நாம்சே, திங்போச்சே ஊர்கள் இரண்டிலும் இரண்டிரண்டு இரவு தங்குங்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.