பல்கலைக்கழகப் பண்பாட்டு மன்ற நிகழ்ச்சிகளில் மாணவர்கள் ஒருவரோடொருவர் ஒட்டுவதே இல்லை. எப்படி நடத்தினால் பழகுவார்கள்?

"வருகிறவர்களும் அவரவர் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறார்கள்" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு பழைய இடத்துக்குப் போய்விட்டது. கோவையில் நான் முதுநிலை படித்த இரண்டு வருடமும் பண்பாட்டு மன்றத்தில் இருந்தேன். முதல் வருடம் பொருளாளர், அடுத்த வருடம் செயலாளர். உங்களுக்கு நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது.

புது மாணவர்களுக்கு வரவேற்பு விழா வைத்தோம். கருத்தரங்கக் கூடம், 300 நாற்காலி, வாடகைக்கு ஒலிபெருக்கி, இரண்டு நடனம், நாலு பாட்டு, ஒரு நகைச்சுவை நாடகம். வந்தவர்கள் 80 பேர் இருப்பார்கள். கேரளப் பிள்ளைகள் ஒரு வரிசை, வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் கடைசி வரிசை, எங்கள் ஈரோடு, தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகள் வாசலோரம். இரண்டு மணி நேரம் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார் என்று யாரும் திரும்பவில்லை. நிகழ்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆடியவர்கள் நன்றாகவே ஆடினார்கள். ஆனால் அது ஆடிய பத்துப் பேருக்கான விழாவாக இருந்தது. அன்றிரவு விடுதியில் கணக்கு எழுதும்போது எனக்கு அழுகையே வந்தது.

அந்த வருடப் பொங்கல்தான் எங்களுக்கு வழி காட்டியது. கல்லூரிப் பொங்கல் எப்போதும் மார்கழியின் கடைசி வாரத்தில்தான் வரும். தை பிறக்கும்போது விடுமுறை, பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். விடுதி மெஸ்ஸில் 120 பேருக்குச் சமைத்துத் தருவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் சமையல் ஆட்கள் பாதிப் பேர் பண்டிகைக்குக் கிளம்பியிருந்தார்கள். சத்தியமங்கலத்துக்கார அக்கா ஒருவர் மட்டும், "நான் நின்னு சொல்லித் தாரேன், நீங்களே ஆக்கிக்கோங்க சாமி" என்றார். வேறு வழி இல்லை. அரிசியும் பருப்பும் சோறு, தயிர், அப்பளம், சர்க்கரைப் பொங்கல். இவ்வளவுதான் எங்களால் முடியும் என்று முடிவு செய்தோம்.

அரிசி 12 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, சின்ன வெங்காயம் 5 கிலோ. அந்த ஐந்து கிலோ வெங்காயத்தைப் பற்றித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மன்றத்தில் கிடந்த பழைய பவானி ஜமக்காளத்தை மெஸ் வராண்டாவில் விரித்தோம். அக்கா வெங்காயத்தை அன்னக்கூடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு, "தோலு சுளுவா வரும், கண்ணும் அத்தன எரியாது" என்றார். யார் யார் அந்த வழியாகப் போனார்களோ அவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தோம். இருபது பேர் சேர்ந்தார்கள். வட்டமாகத்தான் உட்கார முடிந்தது, ஏனென்றால் கூடை நடுவில் இருந்தது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா?

என் பக்கத்தில் அசாமிலிருந்து வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதமாக ஒரே மாடியில் இருந்தோம், அதுவரை சிரிப்பதோடு சரி. அவர்கள் ஊரிலும் பொங்கலை ஒட்டியே மாக் பிஹு என்ற அறுவடைப் பண்டிகை வருகிறதாம். முதல் நாள் இரவு உருகா என்று ஊரே கூடி உண்பார்களாம். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு உயரமாகக் கட்டிய மேஜி என்ற போரை விடியற்காலையில் கொளுத்துவார்களாம். எள்ளும் வெல்லமும் அரிசி மாவுக்குள் வைத்துச் சுருட்டிப் பிட்டா என்ற பலகாரம் செய்வார்களாம். எதிரே இருந்த காங்கேயத்துப் பையன் உடனே பட்டிப் பொங்கலை, அதாவது எங்கள் பக்கத்து மாட்டுப் பொங்கலைச் சொல்ல ஆரம்பித்தான். மாட்டுப்பட்டியில் சாணியால் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூஜை முடிந்ததும் மாட்டை அதை மிதித்துத் தாண்ட விடுவது. காப்புக் கட்டுக்கு ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கூரையில் செருகுவது. அந்தப் பெண் கையிலிருந்த வெங்காயத்தை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்க் காப்புக்கட்டுப் பூ வாங்கி வந்ததும், அதை விடுதி வாசலில் கட்டியதும் அவள்தான்.

மறுநாள் மாலை அடுப்பு மூட்டி, பானை பொங்கி, 120 பேரும் பந்தியில் உட்கார்ந்தபோது பரிமாறியவர்கள் வெங்காயம் உரித்த அதே இருபது பேர். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தாங்கள் ஆக்கிய சோறு என்பதால் வந்து நின்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனவர்களில் பலரை எனக்கு இன்று நினைவில்லை. அந்த இருபது பேரில் இன்றும் பன்னிரண்டு பேரோடு பேசுகிறேன்.

அதனால் என் பதில் இதுதான்: வருகிறவருக்கு நாற்காலி போடாதீர்கள், கையில் ஒரு வேலை கொடுங்கள். சின்ன வேலை போதும். கோலத்துக்குச் செம்மண் கரைப்பது, தோரணம் கட்டுவது, இலை துடைப்பது. நிகழ்ச்சி மாலை நாலு மணிக்கு என்றால் வேலைக்கு முந்தின நாளே கூப்பிடுங்கள். எனக்கு அந்த முந்தின நாள்தான் நிகழ்ச்சி.

அடுத்த வருடம் நான் செயலாளர் ஆனதும் மேடையையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வள்ளி கும்மி. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதை விட்டுவிட்டு வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தோம். வள்ளி முருகன் கதையைக் கும்மி ஆசிரியர் பாடப்பாட, எல்லோரும் வட்டமாகச் சுற்றிக் கைதட்டி அடவு போட வேண்டும். முன் வரிசை பின் வரிசை என்று எதுவும் கிடையாது. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயா இந்தக் கலைக்காக 2024-ல் தம் 87-வது வயதில் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் மட்டும் ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த அந்தத் தைரியத்தில்தான் இன்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் சலங்கை கட்டி ஆடுகிறோம்.

அன்னூர்ப் பக்கமிருந்து ஓர் ஆசிரியரை அழைத்து வந்தோம். மூன்று வாரம், தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை, நூலகத்துக்குப் பின்னால் இருந்த மண் தரையில் பயிற்சி. முதல் நாள் 15 பேர், கடைசி வாரம் 60 பேர். பாட்டின் பொருள் தெரியாத பிள்ளைகள் தடுமாறும்போது அவர் சொல்வார்: "அம்முணி, காலப் பாக்காத. பக்கத்தாளு கையப் பாரு, கால் தன்னால வரும்." பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால்தான் ஆடவே முடியும். முந்தைய வருடம் அந்தக் கூடத்தில் 300 நாற்காலி போட்டும் வராதது இங்கே முதல் அடவிலேயே வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் சில இடங்களில் கும்மியிலும் யார் சேரலாம், யார் கூடாது என்ற சாதிக் கணக்கு நுழைந்துவிடுகிறது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் அதற்கு இம்மியளவும் இடம் கொடுக்காதீர்கள். அழைப்பில் "எல்லோரும் வாங்க" என்று போட்டால் மட்டும் போதாது. முதல் நாள் பயிற்சிக்கு முன்பே ஆசிரியரிடம் பேசி, வட்டத்தில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்பார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் ஆசிரியரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "முருகன் வள்ளியக் கட்டும்போது சாதி கேட்டானாங் கண்ணு?" என்று சிரித்தார். எல்லா இடத்திலும் அவ்வளவு சுலபமாக இருக்காது, ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். பெண்கள் விடுதிக்குத் திரும்பும் நேரம் தெரியாமல் நேரம் குறிக்காதீர்கள். எங்களுக்கு எட்டு மணி. ஏழரைக்குப் பந்தி என்று வைத்தால் பாதி வளாகத்தை நீங்களே வெளியே நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். விறகு அடுப்புக்கு மாணவர் நல டீனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பக்கத்தில் தண்ணீர் டிரம்மும் மணல் வாளியும் இருக்கட்டும். பாத்திரத்தை வாடகைக்கு எடுக்கும்போது எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள், கரண்டிதான் முதலில் காணாமல் போகும். தலைக்கு 50 ரூபாய் வாங்கினோம், அதுவும் முடிந்தவர்கள் மட்டும். கொடுக்காதவர் பெயரை யாரும் குறித்து வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்த இரண்டாம் வருடப் பொங்கலுக்கு அசாம் பெண் எள்ளுப் பிட்டா செய்தாள். தோசைக்கல்லில் அரிசி மாவைத் தூவி, எள்ளும் நாட்டுச்சர்க்கரையும் வைத்துச் சுருட்ட வேண்டும். முதல் இருபது உடைந்துபோயின. சத்தியமங்கலத்து அக்கா மாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரம் பத்தல கண்ணு" என்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றுகூட உடையவில்லை.

நீங்கள் வரும் தைக்கு வள்ளி கும்மி வைப்பதாக இருந்தால் ஆசிரியரிடம் இப்போதே நாள் கேட்டுவிடுங்கள். தைப்பூசம் நெருங்க நெருங்கக் கோயில் அரங்கேற்றங்கள் வரிசையாக வரும், பிறகு அவரைப் பிடிப்பது கஷ்டம்.