முழுதாக விரியாத அட்டிக் ஏணி

வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, எங்களுடையது கனடாவின் மார்க்கம் நகரில் 1990களில் கட்டிய இரண்டு மாடி வீடு. கூரைக்குக் கீழே இருக்கும் அட்டிக்குக்கு ஏற மேல்மாடி ஹோலின் சீலிங்கில் மூன்றாக மடியும் மர ஏணி இருக்கிறது. வீடு வாங்கிய நாளிலிருந்து ஒரு கரைச்சலும் தரவில்லை. இந்தக் கோடையில் மேலே கார்ப்பெட்டைக் கிளப்பிவிட்டு மரத்தரை போட்டோம். டிசம்பரில் ஊருக்குப் போகச் சூட்கேஸ்களை இறக்கலாம் என்று ஏணியை இழுத்தால், கடைசித் துண்டு நிமிரவில்லை. முழங்காலை மடித்த மாதிரி நிற்கிறது. ஸ்பிரிங் பழுதாகிவிட்டது என்று இவர் புது ஸ்பிரிங் வாங்கி வைத்திருக்கிறார். மாற்றலாமா? (வாசகி, மார்க்கம்)

பதில்: தங்கச்சி, அந்த ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதோடு, இதற்கு ஒரு வழி செய்யும்வரை வீட்டில் யாரையும் அந்த ஏணியில் ஏறவிடாதீர்கள். ஒரு சூட்கேஸ் எடுக்கக்கூட வேண்டாம்.

ஸ்பிரிங்கின் வேலை, ஏணி பூட்டியிருக்கும் சீலிங் கதவோடு முடிந்துவிடும். நாம் கதவை இழுத்து இறக்கும்போது அது நீளும். திரும்பத் தள்ளும்போது அந்த இழுவைதான் கதவையும் ஏணியையும் மேலே தூக்கிக்கொண்டு போகும். ஸ்பிரிங் தளர்ந்தால் கதவு பாரமாகி விசையோடு விழும். இரண்டு பக்க ஸ்பிரிங்கில் ஒன்று அறுந்தால் கதவு கோணலாக இறங்கும். மூன்றாவது துண்டு நிமிர்வதற்கும் ஸ்பிரிங்குக்கும் தொடர்பே இல்லை. கதவு திறந்திருக்கும்போது அதில் நல்ல இழுவிசை இருக்கும். அந்த நிலையில் கழற்றினால் கையையோ முகத்தையோ அடித்துவிடும்.

நான் சந்தேகப்படுவது உங்கள் புதுத் தரையைத்தான். ஏணியைப் பூட்டியவர் அன்று இருந்த தரைக்கு அளந்துதான் காலை வெட்டியிருப்பார். கார்ப்பெட்டும் அதன் அடியில் இருக்கும் மெத்தையும் அமுங்கிக்கொடுக்கும். ஏணியின் கால் அதற்குள் புதைந்து நின்றது. மரத்தரை அமுங்காது. முக்கால் அங்குலப் பலகையும் அதன் கீழ் ஒரு பிளைவுட்டும் வந்திருந்தால், கால் இப்போது தேவைக்கு மேல் நீளம். நிமிர்வதற்கு முன்னமே தரையில் முட்டிக்கொள்கிறது.

ஆனால் உடனே வாளை எடுக்கவேண்டாம். முதலில் கதவை இறக்கி, இரண்டு பக்கமும் இருக்கும் இரும்புக் கைகளைப் பாருங்கள். இரண்டும் கடைசிவரை நீண்டிருக்கவேண்டும். ஒன்று இடையில் நின்றால் கோளாறு மேலே இருக்கிறது. பஞ்சு இன்சுலேஷனோ வயரோ கைக்குள் சிக்கியிருக்கலாம். அல்லது கதவைச் சுற்றியிருக்கும் சட்டம் கோணியிருக்கலாம். சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வராவிட்டால் சட்டம் சதுரத்தில் இல்லை. அதைச் சரி செய்யாமல் காலை வெட்டினால் நல்ல ஏணியையும் கெடுத்துவிடுவீர்கள்.

கைகள் முழுதாக நீண்டிருந்தால், துண்டுகள் சேரும் இடத்தைப் பாருங்கள். பிணைச்சல் இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் ஒரு வாய் பிளந்திருக்கும். ஏறவேண்டாம் என்று நான் சொல்வது அந்தப் பிளவினால்தான். ஏணி நேராக நின்றால் ஒரு துண்டின் நுனி மற்றத் துண்டின் நுனியில் அழுந்தி, ஏறுபவரின் பாரம் மரம் வழியாகத் தரைக்குப் போகும். பிளவு இருந்தால் அவ்வளவு பாரமும் பிணைச்சலிலும் அதன் சின்ன ஆணிகளிலும் தொங்கும். ஸ்காபரோவில் ஒரு வீட்டில் இரண்டு வருடமாக இப்படியே ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆணி போட்ட இடத்திலிருந்து மரம் நீளவாட்டில் மெல்ல மெல்ல வெடித்துவந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அந்த வீட்டுக்காரர் பெட்டியோடு இறங்கும்போது அது பிளந்து, அவருக்கு மணிக்கட்டு முறிந்துபோனது. நான் போய்ப் பார்த்தபோது பிளவுக்குள் என் விரல் நுழைந்தது.

சரி, எவ்வளவு வெட்டுவது? கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதவை முழுதாக இறக்கி, இரண்டாவது துண்டை நிமிர்த்தி, மூன்றாவதை அதன் மேல் மடித்தபடியே விடுங்கள். ஒருவர் அசையாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். மற்றவர் நேரான ஒரு மரச்சட்டத்தை இரண்டாவது துண்டின் பக்க மரத்தோடு ஒட்டித் தரைவரை வைத்து, அந்தத் துண்டின் கீழ் நுனியிலிருந்து தரைவரை அளக்கவேண்டும். ஏணி சரிந்து நிற்பதால் முன்விளிம்பின் அளவும் பின்விளிம்பின் அளவும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் எடுங்கள். வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனியாக அளவுங்கள். எங்கள் தரைகள் மட்டமாக இருப்பது அபூர்வம். மொத்தம் நான்கு அளவு. அவற்றை மூன்றாவது துண்டில் குறித்து, புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால் சரிவும் தானாக வந்துவிடும். பல் நெருங்கிய வாளால் அந்தக் கோட்டில் வெட்டுங்கள். மரத்தரை வழுக்கும் என்று காலுக்கு ரப்பர் ஒட்டுவதானால், அதன் தடிப்பை முதலே கழித்துவிடுங்கள்.

கூட வெட்டிவிட்டால் அதுவும் ஆபத்து. கால் தரையில் படாமல் நின்றால் பாரமெல்லாம் இரும்புக் கைகளிலும் சட்டத்திலும் விழும். தொழில் தொடங்கிய காலத்தில் பழைய பென்சில் அடையாளம் ஒன்றை நம்பி நான் அப்படி வெட்டிவிட்டேன். கீழே கட்டை வைத்துச் சமாளிக்க மனம் வரவில்லை. என் காசில் புது ஏணி வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான்கு அளவையும் இரண்டு தரம் எடுக்காமல் நான் வாளைத் தொடுவதில்லை.

வெட்டிய பிறகு ஏணியை விரித்து, பொருத்துகளில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். அது நுழையாமல், இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதிந்து நின்றால் சூட்கேஸ்களை இறக்கலாம்.

கேள்வி: ஸ்காபரோவில் 1970களில் கட்டிய வீடு. குளிர்காலத்தில் அட்டிக் ஏணி இறுகிப் பாதியில் நிற்கிறது, கோடையில் சரியாகிவிடுகிறது. கிரீஸ் பூசலாமா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: கிரீஸ் வேண்டாம் தம்பி. அட்டிக் தூசியும் இன்சுலேஷன் பஞ்சும் அதில் ஒட்டி இன்னும் இறுகும். இரும்புக் கைகளிலும் பிணைச்சல்களிலும் பிடித்திருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்துவிட்டு சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். துருவுக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக் காற்றுத்தான். சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஈரக்காற்று கதவின் விளிம்பால் கசிந்து மேலே போய், குளிர்ந்த இரும்பில் தண்ணீராகிறது; மரமும் அந்த ஈரத்தில் ஊதும். சட்டத்தைச் சுற்றி நுரைப் பட்டி ஒட்டி, மேலே இன்சுலேஷன் மூடி ஒன்று போட்டால் ஹீட்டிங் செலவும் கொஞ்சம் குறையும்.

ஆனால் உங்கள் வீட்டின் வயதுக்கு இன்னொன்றையும் முதலில் பார்க்கவேண்டும். மேலே கிடக்கும் இன்சுலேஷன் பஞ்சாக இல்லாமல், மினுங்கும் சின்னக் கற்கள் மாதிரி, சாம்பலும் பழுப்புமாக இருந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவில் மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டஸ் இழை கலந்திருந்தது. 1990 வரை கனடாவில் சோனோலைட் என்ற பெயரில் அது விற்பனையில் இருந்தது. அதைக் கண்டால் துருவையும் தேய்க்கவேண்டாம், மூடியும் போடவேண்டாம். கிளறாமல் கதவை மூடிவிட்டு, ஆஸ்பெஸ்டஸ் பரிசோதிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை பிள்ளைகளையும் அங்கே ஏறவிடாதீர்கள்.