வெளிநாட்டு ஒப்பந்த வேலைக்கு வரி உண்டா? களுவாஞ்சிக்குடிக் கணக்காளரிடம் கேள்வி பதில்

கத்தாரில் 11 வருடம் கணக்குப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். வெளிநாட்டு ஒப்பந்த வேலையின் வருமான வரியைப் பற்றிக் கேளுங்கள். விசா, காணி உறுதி என் துறை இல்லை.

திருக்கோவில், வெல்டர்: சேர், அபுதாபிக் கடல்ல எண்ணெய் எடுக்கிற ரிக் வேலை. 28 நாள் கடல், 28 நாள் வீடு. அங்க சம்பளத்துக்கு வரி இல்ல. இங்கயும் இல்லைதானே?

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் இன்று அதிக நேரம் கொடுக்கப் போகிறேன். இந்த 28க்கு 28 சுற்றில் ஆபத்து இருக்கிறது. வருடத்தில் பாதி என்றால் 182 நாள். 183 நாள் இலங்கையில் நின்றால் நீங்கள் இங்கே வதிவாளர், அதாவது வரிக்கு இந்த நாட்டில் வசிப்பவர். ஒரு புயலில் ஹெலிகொப்டர் பிந்தினாலோ தங்கச்சியின் கலியாணத்துக்கு ரெண்டு நாள் கூட நின்றாலோ கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணுவதும் போதாது. அந்த வரி ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 183 வரக் கூடாது. மனைவி, பிள்ளை, வீடு எல்லாம் திருக்கோவிலில் இருக்கும்போது, நாளை எண்ணாமலே 'இங்கே வசிப்பவர்' என்று சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு.

வதிவாளருக்கு உலகத்தில் எங்கே உழைத்தாலும் இங்கே வரி. அமீரகத்தோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்கலாம், சரி. அங்கே ஒரு திர்ஹமும் கட்டாதவர் எதைக் கழிப்பது?

ஒரு வேலை இன்றைக்கே செய்யுங்கள். போன மாசியில் ஒரு ரிக் பொடியன் என் மேசையில் பாஸ்போர்ட்டை விரித்தார். கட்டுநாயக்க முத்திரை ரெண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, திகதி 3ஆ 8ஆ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. அவருடைய மனைவியின் போனில் போர்டிங் பாஸ் படம் ஒன்று கிடந்ததால் தப்பினோம். ஒவ்வொரு பயணமும் முடிந்தவுடன் முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

ஆரையம்பதி, டிசைனர்: அண்ணன், வீட்டில இருந்து அவுஸ்திரேலியாக் கம்பனிக்கு வேலை செய்றன். செலவு போக மாசம் 3 லட்சம் கையில வரும். எவ்வளவு கட்டணும்?

வருடம் 36 லட்சம். 2025/26 வரி ஆண்டிலிருந்து தனிநபர் கழிவு 18 லட்சம். மிச்சம் 18 லட்சத்தில் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அது 60,000. அடுத்த 8 லட்சத்துக்கு 15 வீதம், அது 1,20,000. மொத்தம் 1,80,000 ரூபா. காசு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்தால்தான் இந்த 15 வீத உச்சம், அதாவது அதற்கு மேல் வீதம் ஏறாது. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களில் 15ஆம் திகதிக்குள் தவணை கட்டுங்கள். வருட வருமானத்தைக் காட்டிக் கொடுக்கும் விவரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். வரி இலக்கம் இலவசம், அதை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

காத்தான்குடி: அமெரிக்கக் கம்பனி ஒண்டு டபிள்யூ-8பிஈஎன் படிவம் கேக்குது. நிரப்பினா அங்க வரி பிடிப்பாங்களா?

இல்லை. வேலை முழுவதையும் இலங்கையில் இருந்து செய்தால் அது அமெரிக்க மூல வருமானம் இல்லை. நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று காட்டத்தான் அந்தப் படிவம். கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது வருட முடிவில் காலாவதியாகும், திரும்ப நிரப்ப வேண்டும்.

கல்முனை: ஸகாத் குடுக்கிறதைக் கழிக்கலாமா காக்கா?

அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்து, ரசீது இருந்தால் மட்டும். அதுவும் 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று, எது குறைவோ அது.

அக்கரைப்பற்று: வெளிநாட்டுக் காசுக்கு வரியே இல்லை. நீங்க சனத்தைப் பயமுறுத்துறீங்க.

2025 மார்ச் 31 வரை நீங்கள் சொல்வது சரி. வங்கி வழியாக வந்தால் விலக்கு இருந்தது. இப்போது இல்லை.

அக்கரைப்பற்று (திரும்பவும்): 2022ல நாடு பெற்றோல் வரிசையில நிண்டப்போ டொலர் அனுப்பினது ஆர்? எங்களுக்கே வரியா? பேங்க் இல்லாம ஆள் மூலமா உண்டியல்ல அனுப்பினா ஆருக்குத் தெரியும்?

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்த வருடம் எங்கள் வீட்டு அடுப்பும் அண்ணன் அனுப்பிய றியாலில்தான் எரிந்தது. ஆனால் ரெண்டு பேரை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். வருடம் முழுக்கத் தோஹாவில் வாழ்ந்து உழைப்பவர் இங்கே வதிவாளர் இல்லை. அவர் வீட்டுக்கு அனுப்பும் சம்பளத்துக்கு இங்கே வரி கேட்பதில்லை. ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டுக்கு உழைப்பவருக்குத்தான் இந்த வரி. அதையும் 30 வீதம் என்று பேசி, 2024 டிசம்பரில்தான் ஜனாதிபதி நாடாளுமன்றத்தில் 15 என்று அறிவித்தார்.

இனி உண்டியல். வங்கியில் வராத காசுக்கு 15 வீத உச்சம் கிடையாது. சாதாரண வீதம் 36 வரை ஏறும். நாளைக்குக் காணி வாங்கப் போனால் காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டும் இருக்காது. உழைத்த காசைக் கள்ளக் காசுபோல ஒளித்து வைக்க வேண்டி வருவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்குதில்லை. அனுப்பாதீர்கள்.

சம்மாந்துறை: கத்தார்ல கடையில வேலை, வீட்டுக்கு அனுப்பினா வரியா?

மேலே சொல்லிவிட்டேன். அங்கேயே வாழ்ந்தால் இல்லை.

ஏறாவூர்: சவூதியில டிரைவர், வீட்டுக்கு அனுப்பினா வரியா?

அதே பதில்தான். எழுதியதை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

வாழைச்சேனை: லண்டன் விசாவுக்கு வங்கியில எவ்வளவு காட்டணும்?

விசா ஆட்களிடம் கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி: அண்ணன், என்ட அவர் குவைத்தில, ஊருக்கு வந்து மூணு வருசம். அனுப்புற காசை என்ட பேரில நிலையான வைப்பில போட்டன். வட்டியில காசு வெட்டுறாங்க. நான் வேலைக்கே போறதில்ல.

தங்கச்சி, அவர் அனுப்பும் காசு உங்கள் வருமானம் இல்லை. அதில் வரும் வட்டி உங்களுடையது. 2025 ஏப்ரல் முதல் வங்கி அதில் 10 வீதம் பிடிக்கிறது. உங்கள் முழு வருமானமும் வருடம் 18 லட்சத்தைத் தாண்டாவிட்டால், வரி இலக்கம் எடுத்து, வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுங்கள், பிடிப்பதை நிறுத்துவார்கள். ஏற்கெனவே பிடித்ததற்கு வங்கியிடம் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். திருப்பிக் கேட்க அது வேண்டும். திங்கட்கிழமை அடையாள அட்டையோடு வாருங்கள், படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன்.