மாவுச்சத்து குறைந்த இரவு உணவாக இத்தாலிய முறையில் அடைத்த காய்கள்: தண்ணீர் விடாமல், பூரணம் உதிராமல் செய்வது எப்படி?

சோறும் ரொட்டித்தூளும் சேர்க்காமல் காய்களை அடைத்தால் தட்டில் தண்ணீர் தேங்குகிறது, வெட்டினால் பூரணம் பொலபொலவென உதிர்கிறது, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இத்தாலிய வீடுகளில் இந்தப் பூரணத்தில் போகும் ரொட்டிக்கு இரண்டு வேலைகள் உண்டு. பாலில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டி, கறியிலிருந்தும் காயிலிருந்தும் கசிகிற சாற்றைக் குடித்துக்கொள்ளும். கறித்துணுக்குகளுக்கு நடுவே நின்று அவை ஒன்றோடொன்று இறுகாமலும் பார்த்துக்கொள்ளும். ரொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கறியைச் சேர்த்தால், சாறு போக வழியில்லாமல் தட்டுக்கு இறங்கும். கறி சுருங்கிக் காயின் சுவரை விட்டு விலகி நிற்கும். ஆகவே ரொட்டி பார்த்த வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும். காயின் தண்ணீரை அடைப்பதற்கு முன்பே வெளியேற்றிவிடுவது பாதி வேலை. மீதிப் பாதியை முட்டை, ரிக்கோட்டா என்ற மென்மையான இத்தாலியப் பாலாடைக்கட்டி, காயிலிருந்து குடைந்து வதக்கிய சதை ஆகிய மூன்றும் பார்த்துக்கொள்ளும்.

எந்தக் காய் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 100 கிராமுக்கு சுக்கினியிலும் (வெள்ளரிக்காய்போல நீண்ட, பூசணி இனத்துக் காய்) காளானிலும் சுமார் 3 கிராம், தக்காளியில் 4 கிராம், சிவப்புக் குடைமிளகாயிலும் கத்தரிக்காயிலும் 6 கிராம், வெங்காயத்தில் 9 கிராம் மாவுச்சத்து. வடமேற்கு இத்தாலியின் லிகூரியாவிலும் பியட்மாண்ட்டிலும் அடைத்த வெங்காயம் அருமையாகச் செய்வார்கள். ஆனால் உங்கள் கணக்குக்கு அது ஒத்துவராது. சுக்கினியையும் சிவப்புக் குடைமிளகாயையும் சேர்த்துச் செய்வதே என் பரிந்துரை. ஒன்று மென்மையாகவும் மற்றது இனிப்பாகவும் இருப்பதால் ஒரே பூரணம் இரண்டு சுவையில் கிடைக்கும்.

நான் கீழே சொல்வது ஜெனோவாவைத் தலைநகராகக் கொண்ட லிகூரியக் கடற்கரையின் முறையைத் தழுவியது. அங்கே இவற்றுக்கு ‘ரிப்பியேனி’ என்று பெயர். ‘அடைத்தவை’ என்று பொருள். அந்தப் பூரணத்தின் மணம் மார்ஜோரத்தால் வருவது. ஆரிகானோவின் நெருங்கிய உறவுதான், ஆனால் காரமும் கசப்பும் குறைந்த, இனிய வாசம். நம் ஊரில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டும் ‘மரு’ இதே செடிதான். பூக்கடையில் வாங்கிச் சமைக்காதீர்கள். அது உண்பதற்கென்று வளர்த்தது அல்ல, மருந்து தெளித்திருப்பார்கள். நாற்று வாங்கித் தொட்டியில் வைத்தால் நன்றாகவே வரும். கிடைக்காவிட்டால் உலர்ந்த ஆரிகானோவை, சொல்லும் அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போடுங்கள்.

நான்கு பேருக்கு அளவு: ஒவ்வொன்றும் 200 கிராம் எடையுள்ள சுக்கினி 4, சிவப்புக் குடைமிளகாய் 2. பூரணத்துக்குக் கொத்துக்கறி 400 கிராம் (இத்தாலியில் மாடும் பன்றியும் பாதிப் பாதி, ஆட்டுக்கறியோ கோழித்தொடைக் கறியோ சரிதான், கோழி நெஞ்சுக்கறி வறண்டுபோகும்), ரிக்கோட்டா 200 கிராம், துருவிய பார்மிஜானோ (உப்புச் சுவையுள்ள கெட்டிப் பாலாடைக்கட்டி) 60 கிராம், முட்டை 2, பூண்டு 3 பல், பொடியாக நறுக்கிய மார்ஜோரம் 1 மேசைக்கரண்டி, பார்ஸ்லி ஒரு கைப்பிடி, ஜாதிக்காய் இரண்டு உரசல், மிளகுத்தூள், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. அடியில் போட 400 கிராம் தக்காளி. ஆலிவ் எண்ணெய் மொத்தம் 5 மேசைக்கரண்டி. மேலே தூவ 20 கிராம் பாதாமை ரவைப் பதத்தில் பொடித்து, இன்னொரு 20 கிராம் பார்மிஜானோவுடன் கலந்து வையுங்கள்.

ரிக்கோட்டாவை டப்பாவிலிருந்து அப்படியே போடக் கூடாது. மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் விட்டால் கணிசமான தண்ணீர் வடியும். இந்த ஒரு படியைத் தாண்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் ‘எல்லாம் சரியாகச் செய்தும் நீர்த்துப்போனது’ என்று சொல்கிறார்கள். ரிக்கோட்டா கிடைக்காத ஊரில், பாலை எலுமிச்சை விட்டுத் திரித்து, அழுத்திக் கட்டியாக்குவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் பனீரை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு எடுங்கள். ரிக்கோட்டா, பால் திரிந்தபின் மிஞ்சும் நீரில் செய்வது என்பதால் சுவை அதே அல்ல, ஆனால் பிணைக்கும் வேலையைச் செய்துவிடும்.

சுக்கினியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தேக்கரண்டியால் குடையுங்கள். சுவர் 7, 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் ஓவனில் படுத்துவிடும். தடித்தால் பூரணம் வெந்து நிறம் மாறிய பிறகும் காய் நறுக்கென்றிருக்கும். குடைந்த சதையை எறியாதீர்கள். உட்புறத்தில் லேசாக உப்பைத் தடவி, துணிமேல் கவிழ்த்து 20 நிமிடம் விட்டுத் துடைத்துவிடுங்கள். சுக்கினியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். உப்பு அதில் ஒரு பகுதியை மட்டுமே இழுக்கும். மிச்சத்துக்குச் சூடு வேண்டும். லிகூரியாவில் காய்களை முழுதாக உப்புநீரில் சில நிமிடம் அவித்துவிட்டுப் பிளப்பது வழக்கம். உள்ளே ரொட்டி இருக்கும்போது அது சரி. ரொட்டி இல்லாத உங்கள் பூரணத்துக்கு அவித்தல் கூடாது, சுட வேண்டும்: எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். குடைமிளகாயைக் காம்போடு சேர்த்து நீளவாக்கில் பிளந்து, விதையும் வெள்ளை நரம்பும் நீக்கி, அதே தட்டில் 15 நிமிடம். காம்பு இருந்தால்தான் ஓரம் வாய்பிளக்காமல் கிண்ணம்போல நிற்கும். தோல் மெலிந்த பச்சைக் குடைமிளகாய் என்றால் 10 நிமிடம் போதும். சுட்டு எடுத்ததும் உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள்.

இதற்கிடையில் குடைந்த சதையைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பூண்டோடு நல்ல தீயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கும். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடாதீர்கள். சட்டியின் அடி காய்ந்து, கரண்டியால் ஒதுக்கினால் மீண்டும் நீர் கசியாத நிலை வரை போக வேண்டும். 300 கிராம் சதை 120 கிராம் அளவுக்குச் சுண்டியிருக்கும். இதுதான் ரொட்டிக்குப் பதிலாக நிற்கப்போகும் பொருள். கறியை இறுகவிடாமல் இடையில் நிற்பது இதுவே.

கறியில் 300 கிராமை வதக்கி, நீர் வற்றி லேசாகச் சிவந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். மீதி 100 கிராமைப் பச்சையாகவே உப்புச் சேர்த்து, கையில் ஒட்டும் வரை இரண்டு நிமிடம் பிசையுங்கள். எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டால் கோலா உருண்டைபோலச் சுருங்கிச் சாற்றைக் கக்கும். எல்லாவற்றையும் வதக்கிவிட்டால் உதிரும். உப்போடு பிசைந்த பச்சைக்கறியின் புரதம் பசைபோல மற்றதைப் பிடித்துக்கொள்ளும். வதக்கியவை நன்றாக ஆறிய பிறகே முட்டையையும் ரிக்கோட்டாவையும் சேருங்கள். சூட்டில் முட்டை திரிந்தால் பிணைக்கும் சக்தி அங்கேயே போய்விடும். கடைசியாக 60 கிராம் பார்மிஜானோ, மார்ஜோரம், பார்ஸ்லி, ஜாதிக்காய், மிளகு. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் இன்னும் ஒரு கைப்பிடி பார்மிஜானோ போடுங்கள்; உப்பு ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தக்காளியைப் பூண்டு, எண்ணெயோடு கால் மணி நேரம் கெட்டியாகச் சுண்டவைத்து, தட்டின் அடியில் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். காய்களை அதன்மேல் நெருக்கமாக அடுக்கி, பூரணத்தை அழுத்தாமல், விளிம்புக்குச் சற்று மேலே எழும்பும்படி வையுங்கள். 190 டிகிரியில் 25 நிமிடம், மூடி போடாமல். பாதாம் கலவையை இப்போதுதான் தூவ வேண்டும். முதலிலேயே தூவினால் கருகிவிடும். இன்னும் 8 முதல் 10 நிமிடம். பூரணத்தின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், கோழிக்கறி என்றால் 74.

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். 15 நிமிடம் ஆறவிட்டால் முட்டையும் பாலாடைக்கட்டியும் இறுகி, துண்டு சுத்தமாக வெட்டுப்படும். இத்தாலியில் இதை வெதுவெதுப்பாகவோ, ஆறிய பிறகோதான் பெரும்பாலும் சாப்பிடுகிறார்கள். மார்ஜோரத்தின் மணமும் அப்போதுதான் தெரியும்.

பசி விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு இரண்டு சுக்கினிப் பாதிகளும் ஒரு குடைமிளகாய்ப் பாதியும் வரும். மாவுச்சத்து சுமார் 17 கிராம், நார்ச்சத்தும் அதில் அடக்கம். புரதம் 30 கிராமுக்கு மேல். ஒரு கப் சோற்றில் மட்டுமே சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இதே பூரணத்தில் வழக்கம்போல் 100 கிராம் ரொட்டித்தூள் போட்டிருந்தால் ஆளுக்கு இன்னும் 18 கிராம் கூடியிருக்கும். இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறதென்றால் புரதமோ கொழுப்போ குறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். காயை மட்டும் பெருக்கி, எண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் குறைத்தால் இது இரவு உணவாக நிற்காது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென நிறுத்தி இதற்கு மாறினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்; மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

கத்தரிக்காய்க்குத் தென் இத்தாலியின் முறைதான் பொருத்தம். நேப்பிள்ஸ் பக்கம் இதைப் ‘பர்கெட்டா’, அதாவது குட்டிப் படகு என்பார்கள். 300 கிராம் எடையுள்ள பெரிய ஊதாக் கத்தரிக்காயைப் பிளந்து, சதையில் கட்டம் கட்டமாகக் கீறி, எண்ணெய் தடவி, 200 டிகிரியில் அரை மணி நேரம் கவிழ்த்துச் சுட்டுவிட்டுப் பிறகு குடையுங்கள். கத்தரிக்காய்ச் சதை காற்று நிறைந்த பஞ்சு. பச்சையாகக் குடைந்து வதக்கினால் ஊற்றும் எண்ணெயையெல்லாம் குடிக்கும். சுட்டபின் அந்தப் பஞ்சு அமுங்கிவிடுவதால் கொஞ்சமே போதும். நறுக்கிய சதையோடு சுண்டிய தக்காளி, பத்துப் பன்னிரண்டு கறுப்பு ஆலிவ், கேப்பர் எனப்படும் பதப்படுத்திய பூமொட்டு (உப்பில் இருந்தால் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவியது), எண்ணெயில் பதப்படுத்திய நாலு நெத்திலி, பேசில் இலை, துண்டாக்கிய ப்ரோவோலா பாலாடைக்கட்டி. இதற்குத் தனி உப்பே வேண்டாம்.

ரோம் நகரத்தின் அரிசி அடைத்த தக்காளியை மட்டும் காலிஃபிளவர் துருவல் போட்டுச் செய்ய வேண்டாம் என்பேன். அந்தப் பண்டத்தின் அழகே, பச்சரிசி தக்காளிச் சாற்றைக் குடித்துக் குடித்து உள்ளேயே வேகுவதுதான். காலிஃபிளவர் சாற்றைக் குடிக்காது, தன் பங்குக்கு நீரையும் விடும்.

சைவமாகச் செய்ய: 500 கிராம் காளானை நறுக்கி, ஒட்ட வறளும் வரை வதக்கி, 60 கிராம் அக்ரூட்டைப் பொடித்துச் சேருங்கள். கறிக்குப் பதில் அது, மற்றதெல்லாம் அப்படியே. முட்டையும் வேண்டாமென்றால் 100 கிராம் துருவிய கெட்டி மொசரெல்லா, நீரில் மிதக்கும் வகை அல்ல. ஒன்றைக் கவனியுங்கள்: பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா படானோவும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டே உறையவைக்கப்படுபவை. சைவர்கள் உறையில் பச்சைப் புள்ளி உள்ள வேறு கெட்டிப் பாலாடைக்கட்டியைத் தேடி வாங்குங்கள்.

ஓவன் இல்லையென்றால் அகன்ற தட்டையான சட்டி போதும். வட இத்தாலியின் எமிலியா பகுதியில் சுக்கினியை முழுதாகத் துளைத்து அடைத்துத் தக்காளிச் சாற்றில் அடுப்பிலேயே வேகவைப்பார்கள். நீங்கள் பாதிகளையே சிறு தீயில், மூடியைச் சற்றுத் திறந்து வைத்து 30 நிமிடம் வையுங்கள். முழுதாக மூடினால் ஆவி நீராகி உள்ளேயே சொட்டும். மேல் சிவக்காது, அதனால் பாதாமைத் தனியே வறுத்துக் கடைசியில் தூவுங்கள்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் மைக்ரோவேவைவிட, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மூடிச் சூடாக்குவது நல்லது. ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், பனி உருகும்போது சுக்கினி கூழாகிவிடும்.