பழைய போர்ஷே 944ல ஆக்சில் பூட் கிழிஞ்சா பூட் மட்டும் மாத்தலாமா, ஆக்சிலையே மாத்தணுமா?

கேட்டவர் வச்சிருக்கறது 86 மாடல் 944, மேனுவல் கியர். ஆக்சில் முனையை மூடற ரப்பர் உறையான பூட் கிழிஞ்சு பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கிரீஸ் தெறிச்சிருக்கு, கடையில ரெண்டு ஆக்சிலையும் மாத்தச் சொல்றாங்க, தேவையான்னு கேக்கறார். நானும் அதே தலைமுறை 944 தான் வச்சிருக்கேன், நாலு ஜாயின்ட்டையும் கழட்டி பூட் மாத்தி மாட்டியிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

பெரும்பாலும் தேவையில்லைங்க. அதைவிட முக்கியம், எக்ஸ்சேஞ்ச், அதாவது பழசைக் கொடுத்துட்டு ரீபில்ட் பண்ணினதை வாங்கிக்கலாம்னு சொன்னா உங்க பழைய ஆக்சிலைக் கொடுத்துடாதீங்க. இந்தக் கார்ல என்ஜின் முன்னாடி, கியர்பாக்ஸ் பின்னாடி, அங்கேருந்து ரெண்டு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு ஷாஃப்ட் போகுது, ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ரெண்டு முனையிலயும் ஒரு சிவி ஜாயின்ட், அதாவது ஷாஃப்ட் சாஞ்சாலும் சுத்தை அப்படியே கடத்தற, உள்ள இரும்புக் குண்டு ஓடற மூட்டு. ஷாஃப்டும் ஜாயின்ட்டும் சேந்தது தான் ஆக்சில். ஃபேக்டரியில போட்ட ஜாயின்ட் மேல பெரும்பாலும் லோப்ரோன்னு பொறிச்சிருக்கும், ஜெர்மனியில ஆஃபன்பாக்ல இருந்த கம்பெனி அது, நல்ல இரும்பு, நல்ல ஹார்டனிங். ஷாஃப்ட் தேயறதே இல்லன்னு சொல்லலாம், தேயறது ஜாயின்ட், அதுவும் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளிய போய் மண்ணும் தண்ணியும் உள்ள வந்தப்புறம் தான். ரீபில்ட்னு விலை குறைச்சு விக்கறதுல பலதுல குண்டு ஓடற பள்ளத்தைக் கிரைண்ட் பண்ணிட்டு கொஞ்சம் பெரிய குண்டு போட்டிருப்பாங்க, கடினப்படுத்தின மேல்தோல் ஏற்கனவே மெல்லிசு, அதையும் செதுக்கினா மிச்சம் எவ்வளவு தாங்கும்னு யோசிங்க. அந்த மாதிரி ஒன்னை வாங்கறதுக்கு, தேஞ்சதாவே இருந்தாலும் உங்க லோப்ரோவைத் திறந்து பாக்கறது மேல்.

முதல்ல ஜாயின்ட் போயிடுச்சா இல்லையான்னு ஓட்டிப் பாத்தே ஓரளவு தெரிஞ்சுக்கலாம். முன்சக்கர டிரைவ் கார் மாதிரி திருப்பும்போது டக் டக்னு சத்தம் வரும்னு காத்திருக்காதீங்க, இதுல பின்சக்கரம் திரும்பறதில்ல. ஆக்சிலரேட்டர்ல காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது ஒரு குத்து, இல்லன்னா வேகம் எடுக்கும்போது மட்டும் வர்ற அதிர்வு, அது தான் அடையாளம். சத்தமும் இல்ல அதிர்வும் இல்ல, கிரீஸ் தெறிச்சிருக்கு அவ்வளவுதான்னா ஜாயின்ட் பிழைச்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா அப்படியே ஓட்டிக்கிட்டே இருந்தா அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும்.

கழட்டறதுல ஒரே ஒரு இடம் தான் ஆளைக் கவுக்கும், போல்ட் தலை. ஒரு ஜாயின்ட்டுக்கு 6, மொத்தம் 24 போல்ட், தலைக்குள்ள 12 முனை வச்ச குழி, அதுக்கு ட்ரிபிள் ஸ்கொயர் பிட் தான் போடணும், டார்க்ஸோ ஆலன் கீயோ அளவு ஒத்துவர்ற மாதிரி தெரிஞ்சாலும் போடாதீங்க. குழிக்குள்ள பழைய கிரீஸும் மண்ணும் சேந்து கல்லா இறுகியிருக்கும், ஊசி மாதிரி ஒன்னை வச்சு சுரண்டி, பிரேக் கிளீனர் அடிச்சு, அடி தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணிட்டு பிட்டை சுத்தியால தட்டி முழுசா இறக்கினப்புறம் தான் திருப்பணும், பாதி இறங்கின பிட்டோட திருப்பினா தலை வழுக்கிடும், அப்புறம் அந்த ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் போகும். பின்பக்கம் ரெண்டு சக்கரமும் தூக்கி ஸ்டாண்ட் மேல நிக்கணும், வெறும் ஜாக்கியை நம்பி கீழ படுக்கவே படுக்காதீங்க. நியூட்ரல்ல போட்டு ரெண்டு போல்ட் கைக்கு எட்டற மாதிரி ஷாஃப்டைச் சுத்துங்க, ஹேண்ட்பிரேக் போட்டு அதை லூஸ் பண்ணி எடுங்க, ஹேண்ட்பிரேக்கை விட்டு மறுபடி சுத்துங்க.

ஷாஃப்ட் வெளிய வந்ததும் எந்த ஜாயின்ட் எந்த முனை, எந்த முகம் வெளிப்பக்கம்னு குறி போட்டுடுங்க, போட்டோவும் எடுத்துடுங்க. ஷாஃப்ட் முனையில ஜாயின்ட்டைப் பிடிச்சிருக்கற லாக் வளையமான சர்க்ளிப்பை எடுத்துட்டு ஜாயின்ட்டைப் பிரஸ்ல வச்சு தள்ளணும், அப்போ தாங்கு கொடுக்கவேண்டியது நடுவுல இருக்கற நட்சத்திர வடிவ ஹப்புக்கு, வெளி வளையத்துக்கு இல்ல, வெளி வளையத்தைத் தாங்கிக்கிட்டு அழுத்தினா முழு பாரமும் குண்டு மேல இறங்கி பள்ளத்துல தழும்பு விழும். பின்னாடி லேசா குழிஞ்ச வாஷர் ஒன்னு இருக்கும், அது எந்தப் பக்கம் பாத்திருந்துச்சுங்கறதும் போட்டோவுல வரணும்.

அடுத்து ஜாயின்ட்டை முழுசாப் பிரிக்கணும், பிரிக்காம மேலாப்புல கழுவிட்டு புது கிரீஸ் அடைக்கறதுல எனக்கு உடன்பாடே இல்ல, குண்டுகளை இடத்துல பிடிச்சு வைக்கற வளையமான கேஜுக்குள்ள தான் மணல் ஒளிஞ்சிருக்கும். ஹப்பையும் கேஜையும் வெளி வளையத்துக்குக் குறுக்கா திருப்பினா வெளிய வந்துடும், 6 குண்டும் தனியா வரும், ஒரு ஜாயின்ட்டோட குண்டை இன்னொன்னோட கலந்துடாதீங்க. மண்ணெண்ணெய்ல ஊறவச்சு துடைச்சு நல்ல வெளிச்சத்துல பாருங்க. குண்டு ஓடின தடம் பளபளன்னு இருந்தா பரவால்ல, அது சாதாரணம். நகத்தை வச்சு இழுக்கும்போது எங்கயாவது மாட்டுது, மேல்தோல் பேந்து சின்னச் சின்ன குழி விழுந்திருக்கு, நீலம் பாரிச்சிருக்கு, கேஜ்ல விரிசல்னா அந்த ஜாயின்ட் முடிஞ்சுது, அந்த ஒன்னுக்கு மட்டும் புது ஜாயின்ட் வாங்குங்க, ஷாஃப்ட் பழசே போதும்.

பிரிச்ச ஜாயின்ட்டை மறுபடி சேக்கும்போது பலபேர் தடுமாறற இடம் இது. வெளி வளையத்துல பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒன்னு அகலம், அடுத்தது குறுகல், மாறி மாறி வரும், ஹப்லயும் அதே மாதிரி. வெளிய அகலம் வர்ற இடத்துக்கு நேரா உள்ள குறுகல் வரணும். தப்பா வச்சா உள்ள திரும்பவே திரும்பாது, இல்ல திரும்பி இறுகிடும், பலவந்தம் பண்ணாதீங்க, எடுத்து ஒரு பள்ளம் தள்ளி வைங்க. சரியா உக்காந்துட்டா கையாலயே எல்லாப் பக்கமும் சாயும், உள்ளவும் வெளியவும் வழுக்கும், அந்த வழுக்கல் தான் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீளத்தை ஈடுகட்டுது.

கிரீஸ் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த சிவி கிரீஸ் தான், வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். ஒரு ஜாயின்ட்டுக்கு 90 கிராம் அளவு, அதுல மூணுல ரெண்டு பங்கை குண்டுக்கு நடுவுல விரலால அமுக்கி ஏத்துங்க, மிச்சம் பூட்டுக்குள்ள. பூட் நல்ல கம்பெனி ரப்பரா வாங்குங்க, ஷாஃப்டைக் கழட்டாமலே மாட்டலாம்னு பிளந்து ஒட்டற பூட் விக்கறாங்க, அதை இந்தக் காருக்குப் போடாதீங்க, ஒட்டு பிரிஞ்சா மறுபடி முதல்லருந்து. கடைசி கிளாம்ப் இறுக்கறதுக்கு முன்னாடி மழுங்கின ஏதாவது ஒன்னை பூட் வாய்க்குள்ள விட்டு காத்தை வெளிய விட்டுடுங்க, இல்லன்னா சூடாகும்போது உப்பி புது பூட்டும் சீக்கிரமே கிழியும்.

தேஞ்சும் தேயாமலும் நடுநிலையில இருக்கற ஜாயின்ட்டுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, ரெண்டு ஷாஃப்டும் ஒரே நீளமான்னு அளந்து பாத்துட்டு இடது வலது மாத்திப் போடுங்க, முன்னோக்கி ஓட்டும்போது பாரம் பள்ளத்தோட இன்னொரு சுவர்ல விழும், அந்தச் சுவர் அவ்வளவா உழைச்சிருக்காது.

மாட்டும்போது ஜாயின்ட் வந்து உக்கார்ற வட்டத் தட்டான ஃபிளாஞ்ச் ஓட்டைக்குள்ளயும் போல்ட் மரையிலயும் துளி கிரீஸ் இருக்கக்கூடாது, இந்தப் போல்ட் தானா லூஸ் ஆகறதுக்குப் பெரும்பாலும் அது தான் காரணம். ரெண்டு போல்ட்டுக்குப் பொதுவா வர்ற பிறை மாதிரி தகட்டை விட்டுடாதீங்க. எம் 8 போல்ட்டுக்கு 42 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வச்சு, எதிரெதிரா இறுக்கணும். ஒரு வாரம் ஓட்டிட்டு 24 போல்ட்டையும் மறுபடி அதே அளவுல செக் பண்ணுங்க, ஒன்னு ரெண்டு கண்டிப்பா கொஞ்சம் திரும்பும்.