அலை இருக்கிறது, கையெழுத்து எங்கே?

கேள்வி: ஓவியம், பாட்டு, உடை என்று மனதுக்குப் பிடித்ததையெல்லாம் தினமும் இணையத்தில் பகிர்கிறேன். நிறையப் பேர் ரசிக்கிறார்கள். "சொந்தமாக ஒன்றும் செய்யாமல் அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்கிறாய்" என்கிறாள் தோழி. ரசனையைப் பகிர்வது தப்பா? என் பகிர்வுகள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: தப்பே இல்லை. நல்லதைக் கண்டால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றுவது நல்ல மனசு. ஆனால் நீங்கள் அனுப்பிய பன்னிரண்டையும் பார்த்தேன். ஒன்றில்கூடச் செய்தவர் பெயர் இல்லை. தோழியின் கோபம் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக இருக்கும் நீல அலையை எடுத்துக்கொள்வோம். 'மனசை அள்ளும் அலை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் எழுபதைத் தொட்ட வயதில், 1831 வாக்கில் உருவாக்கிய மரச்செதுக்கு அச்சுப்படம் அது. அகலவாக்கில் உள்ள படம் உங்கள் பக்கத்தில் சதுரமாகிவிட்டது. இடது ஓரம் போயே போய்விட்டது. அந்த ஓரத்தின் மேல்பக்கம்தான் சின்னக் கட்டத்துக்குள் தலைப்பும், அதையொட்டி அவர் கையெழுத்தும் இருக்கின்றன. 'ஹொகுசாய் என்ற பெயரை இயிட்சு என்று மாற்றிக்கொண்டவரின் தூரிகை' என்று அதில் எழுதியிருக்கிறார். வெட்டியது நீங்களோ, உங்களுக்கு முன் யாரோ, அவர் பெயர் வெளியே விழுந்துவிட்டது. சரி, படகுகளைக் கவனித்தீர்களா? மூன்று படகுகள். ஓட்டுபவர்கள் முதுகை வளைத்துப் பலகையோடு ஒட்டிக் கிடக்கிறார்கள். ஃபூஜி மலையே தூரத்தில் ஒரு சிற்றலைபோலத் தெரிகிறது. இதில் எது உங்களை நிறுத்தியது? அதை ஒரு வரி எழுதியிருந்தால் அது உங்கள் சொந்தச் சரக்கு. தோழிக்குப் பேச வாய் இருந்திருக்காது.

பாட்டுகளும் அப்படியே: துண்டு இருக்கிறது, பாடியவரும் இல்லை, இசையமைத்தவரும் இல்லை.

பகிர்வது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. விவியன் மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபடியே ஒரு லட்சத்துக்கும் மேல் புகைப்படங்கள் எடுத்துப் பெட்டிகளில் போட்டு வைத்தார். யாருக்கும் காட்டவில்லை என்றே சொல்லலாம். பெட்டிகளை வைத்திருந்த கிடங்கின் வாடகை பாக்கியில் அவை 2007-இல் ஏலத்துக்குப் போயின. வாங்கிய ஓர் இளைஞர் பெட்டிக்குள் கிடைத்த பெயரை இணையத்தில் தேடினார். கிடைத்தது மரண அறிவிப்பு. 2009-இல் அந்தப் படங்களை ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளத்தில் பகிர்ந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் அந்தப் பெயரைத் தேடாமல், 'அழகான பழைய படங்கள்' என்று மட்டும் போட்டிருந்தால்? நினைக்கவே எனக்கு வயிறு கலங்குகிறது.

பெயர் தெரியாவிட்டால் தேடுங்கள். படத்தைக் கொடுத்தே தேடும் வசதி கூகுளில் 2011 முதல் இருக்கிறது. பாட்டுக்கு, கேட்டே பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷாஸம் செயலி. அப்படியும் கிடைக்கவில்லையா, 'யாருடையது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். இன்று வரைந்துகொண்டிருப்பவர் என்றால் படத்தை எடுத்துப் போடாமல் அவர் பக்கத்துக்கே ஆட்களை அனுப்புங்கள்; எடுத்தே ஆக வேண்டும் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய கலை என்றால் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அங்கே முழுப் படமும் விவரமும் சேர்ந்தே கிடைக்கும்.

கடைசிப் படத்தில் பூவேலை செய்த ஜாக்கெட். அணிந்த நடிகையின் பெயரை மறக்காமல் போட்டிருக்கிறீர்கள். கழுத்தோரம் அந்தச் சின்னச் சின்ன இதழ்களை ஊசியால் எடுத்த கை யாருடையது? கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.