மலையேறும் பஸ்ஸில் வந்த பயம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். ஏர்க்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் பஸ்ஸில்தான் போய்வருவேன். சில மாதங்களுக்கு முன் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தோம். இதயத்தில் ஒன்றுமில்லை, பேனிக் அட்டாக் என்றார்கள். அதன்பின் இன்னும் இரண்டு முறை வந்தது. பயந்த கோளாறு என்று மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போனார். இப்போது கணவர்தான் பைக்கில் கொண்டுவிடுகிறார். அவருக்கு முடியாத நாளில் லீவு போடுகிறேன். சேலத்துக்கே மாறுதல் கேட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் இறங்கினீர்கள், சரியாகிவிட்டது. இந்த இரண்டையும் உங்கள் மனம் முடிச்சுப் போட்டுவிட்டது. இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் சரியாகியிருக்கும். இந்தப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியத் தொடங்கிவிடும். உங்களுக்கு அதைப் பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. 'இறங்கியதால் பிழைத்தேன்' என்பதுதான் மனதில் பதிந்தது. அதனால்தான் அடுத்த முறை பஸ்ஸைப் பார்த்ததுமே பயம் வருகிறது.

அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலை அவசரத்தில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். டீசல் வாடை, நெரிசல், உயரம் ஏற ஏறக் காது அடைப்பது. யாருக்கும் லேசாகத் தலை சுற்றும் பாதை அது. தலை சுற்றியதும் 'ஐயோ, எனக்கு என்னவோ ஆகிறது' என்று ஒரு எண்ணம் வந்திருக்கும். உடனே அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். அந்தத் துடிப்பைக் கவனித்ததும் பயம் இன்னும் கூடும். மூச்சு வேகமாகும். அப்படி வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மூச்சு கிடைக்கவில்லை என்று தோன்றுகிற நேரத்தில், உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அவ்வளவு துன்பமும் நிஜம். நீங்கள் நடிக்கவில்லை, கோழையும் இல்லை. ஆனால் அதில் உயிருக்கு ஆபத்து இல்லை.

ஆகவே மாறுதலை இப்போது கேட்காதீர்கள் என்பதே என் எண்ணம். இன்று மலைப்பாதையை விட்டால், நாளை டவுன் பஸ், அப்புறம் கல்யாண மண்டபம், கடைசியில் வீட்டு வாசல் என்று சுருங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்து விலகும் ஒவ்வொரு இடமும் பயத்துக்குத்தான் சொந்தமாகிறது.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு பஸ்ஸில் அடிவாரம் வரை போய்த் திரும்புங்கள். அது பழகிச் சலித்த பிறகு மேலே ஏர்க்காடு வரை. பிறகு அவர் வேறு சீட்டில் உட்காரட்டும். கடைசியாக நீங்கள் தனியாக. இதில் முக்கியமானது ஒன்றுதான்: படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடாதீர்கள். மூச்சை மெதுவாக விடுங்கள், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். படபடப்பை விரட்டச் சண்டை போட வேண்டாம். வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருங்கள். முதல் சில தடவை கஷ்டமாகத்தான் இருக்கும்.

இதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டும் இரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும், பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால் பயப்படாதீர்கள். சில மருந்துகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே 'பதற்ற மாத்திரை' வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் சில பழக்கமாகிவிடும்.

மாமியார் பூசும் திருநீறு ஆறுதல் தந்தால் பூசிக்கொள்ளுங்கள், அதில் அன்பு இருக்கிறது. வைத்தியத்துக்குப் பதிலாக அது வேண்டாம். உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். 'தைரியமா இரு' என்று சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து 'இது போயிடும், நான் இருக்கேன்' என்றால் போதும்.

ஒரு எச்சரிக்கை. என்றைக்காவது வழக்கத்துக்கு மாறாக நெஞ்சில் அழுத்தமான வலி வந்து, கைக்கோ தாடைக்கோ பரவினால், பேனிக் என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி ராத்திரியில் பதற்றம் வந்து யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.